மாற்றுச் சேலையோடு சென்ற ஆசிரியை

கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோர் என்றும் மறவாது போற்றத்தக்க பெயர்களுள் ஒன்று சாவித்திரிபாய் பூலே என்பது. மராட்டிய நாட்டிலே, சாத்தாரா மாவட்டத்து நாய்காவ் என்னும் சிற்றூரில், 1831ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் இவ்வம்மையார் பிறந்தார். தோட்டப் பயிர் செய்யும் மாளி குலம் அவர் குலம். அக்கால வழக்கப்படி 1840இலே, ஒன்பதாவது வயதில், பதின்மூன்று வயதினரான சோதிராவ் பூலேக்கு மணஞ்செய்து கொடுக்கப்பட்டார். எழுத்தறியாது வந்த மனைவிக்குக் கணவரே ஆசிரியரானார். பின்னர் ஆசிரியப் பயிற்சியும் பெற்று, பெண்களுக்குப் பாடஞ்சொல்ல வல்ல பெண்ணாக அம்மையார் விளங்கினார்.

1848இல் புனே நகரிலே, பிடே என்பாரின் மாளிகையில், பெண்களுக்கெனப் பாடசாலையொன்றை இருவரும் தொடங்கினர். இந்தியர் தாமே முயன்று நிறுவிய முதற் பெண் பாடசாலைகளுள் இஃது ஒன்று. அம்மையாருக்கு அப்பொழுது வயது பதினேழு.

பாடசாலையினுள்ளே அவர் ஆசிரியை, தெருவிலோ ஏளனப்பொருள். பெண் எழுத்தறிந்தாற் குடும்பத்துக்குக் கேடு சூழுமென நம்பியோரும், உயர்குலத்தார் அல்லாத ஒருத்தி கற்பிப்பதைப் பொறாதோரும் வழிநெடுக நின்று வசைமொழி பேசினர். சேற்றை எறிந்தனர், சாணத்தை எறிந்தனர், கல்லும் எறிந்தனர். அம்மையார் வழியை மாற்றினாரல்லர், வேலையை விட்டாரல்லர். மாற்றுச் சேலையொன்றைக் கையோடு கொண்டு சென்றார். அழுக்குற்ற சேலையைப் பாடசாலையிற் களைந்து, தூயதை உடுத்துப் பாடஞ்சொன்னார். மீளும்போது பழைய சேலையையே உடுத்து அதே தெருவால் நடந்தார்.

அவர் பொறுமையே உருவானவர் என்று கருதிவிடலாகாது. ஒருநாள் முரடனொருவன் வழிமறித்து அச்சுறுத்தியபோது, அவன் கன்னத்தில் அறைந்து அனுப்பினார் என அவர் வரலாறு கூறுவோர் சொல்வர்.

ஊராரின் நெருக்குதலால் 1849இல் இருவரும் சோதிராவின் தந்தையார் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஆயினும் பாடசாலைகள் பெருகின. 1852இல் அரசாங்கம் அவர்தம் கல்விப் பணியைப் பாராட்டிச் சிறப்புச் செய்தது. கருவுற்ற கைம்பெண்கள் அஞ்சாது வந்து மகப்பேறு கொள்ள ஓர் இல்லமும் அமைத்தனர். அத்தகைய கைம்பெண் ஒருத்தியின் மகனையே தம் மகனாக வளர்த்தனர். அவன் மருத்துவனானான். 1890இல் கணவர் மறைந்தபோது, ஆடவர்க்கே உரியதெனப்பட்ட ஈமக்கடனை அம்மையாரே முன்னின்று செய்தார். 1897இற் புனேயிற் கொள்ளைநோய் பரவியது. நோயுற்ற சிறுவனொருவனைத் தாமே சுமந்து சென்று மகனின் மருத்துவ நிலையத்திற் சேர்த்தார். அந்நோய் அவரையும் பற்ற, மார்ச்சு 10ஆம் நாள் உயிர் துறந்தார். 2014 முதல் புனேப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இவ்வரலாற்றை மாணாக்கியர்க்குச் சொல்லுந்தோறும் என் மனம் அந்த மாற்றுச் சேலையிலேயே நிற்பதுண்டு. அதனை அம்மையாரின் மனவலிமைக்குச் சான்றாகக் கூறுவோம், அது தகும். ஆனால், அச்சேலை அத்தெருவின் இழிவுக்கும் சான்றன்றோ? கற்பிக்கச் சென்றவள் ஏன் இரண்டு சேலை சுமத்தல் வேண்டும்?

இன்று தெருவிற் சாணம் எறிவாரில்லை. ஆயினும் சந்தியிற் கூடிநின்று சொல்லெறிவோர் உளர். சீழ்க்கையடிப்போர், பின்தொடர்வோர் உளர். பஸ்ஸின் நெரிசலைச் சாட்டாகக் கொண்டு உடல்தீண்டுவோரும் உளர். நம் நாட்டிலே 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தண்டனைச் சட்டக்கோவையிற் சேர்ந்த 345ஆம் பிரிவு, பாலியற்றொல்லையைக் குற்றமென வகுத்துள்ளது. ஆனாற் சட்டம் சந்திதோறும் வந்து நிற்பதில்லை. அங்கே நிற்பவர் நாமே.

வேறு வழியாற் போ, தலைகுனிந்து நட, மாலை வகுப்பை விட்டுவிடு என்று பெண்பிள்ளைக்கே புத்தி சொல்லும் பெற்றோரையும் ஆசிரியரையும் யான் கண்டிருக்கின்றேன். அன்பினாற் சொல்வதேயெனினும், அது பிள்ளையின் தோளில் மற்றுமொரு சேலையை ஏற்றுவதாகும். புத்தி சொல்லப்பட வேண்டியவர் நம் ஆண்பிள்ளைகள். கண்டும் காணாதார்போல் நிற்கும் பெரியோர்க்கும் அது வேண்டும். வகுப்பறையில் அறநூல் கற்பிக்கும் நாம், பாடசாலைப் படலைக்கு வெளியேயுள்ள வீதியையும் அவ்வறத்தின் எல்லைக்குள் கொள்வோமாயின், அதுவே அம்மையாருக்குச் செய்யும் வணக்கமாகும்.