கண்ணாடித் தகடுகளைக் காத்தவர்

பத்து பாகாட் கடலோரத்தில் வளரும் மாணவருக்குக் கடல்நீர் உறைந்து பாறைபோல் இறுகும் என்பது வியப்பான செய்தி. அத்தகைய கடலில் ஒரு கப்பல் நொறுங்கியதையும் அதில் சென்றவர்கள் உயிருக்குப் போராடியதையும் படம்பிடித்து உலகுக்குக் காட்டியவர் ஃபிராங்க் ஹர்லி.

ஹர்லி 1885ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பிறந்தார். 13 வயதில் வீட்டைவிட்டு வெளியேறி, இரும்பாலையில் வேலை செய்தார். 17 வயதில் தவணை முறையில் பணம் கட்டித் தம் முதல் நிழற்படக் கருவியை வாங்கினார்.

1914ஆம் ஆண்டு எர்னஸ்ட் ஷேக்கில்டன் தலைமையில் 28 பேர் கொண்ட குழு ‘எண்டூரன்ஸ்’ கப்பலில் அண்டார்டிகாவுக்குச் சென்றது. அக்குழுவின் நிழற்படக் கலைஞர் ஹர்லி. 1915 ஜனவரியில் கப்பல் பனியில் சிக்கியது. அக்டோபரில் பனியின் அழுத்தம் தாங்காமல் நொறுங்கியது. அனைவரும் பனிப்பரப்பில் இறங்கினர்.

அக்காலத்தில் படங்கள் கண்ணாடித் தகடுகளில் பதிவாயின. ஹர்லியின் தகடுகள் நீர் புகுந்த கப்பலுக்குள் கிடந்தன. சில நாள்களில் அவர் அங்குத் திரும்பிச் சென்று, உறைகுளிர் நீரில் மூழ்கித் தகடுகள் இருந்த பெட்டிகளை மீட்டார். அவை பற்றவைத்து மூடப்பட்டிருந்ததால் தகடுகள் தப்பின.

ஆனால், பனியில் இழுத்துச் செல்ல உணவே பெருஞ்சுமையாக இருந்தது. எனவே, ஷேக்கில்டனும் ஹர்லியும் தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஏறத்தாழ 120ஐ மட்டும் தேர்ந்தெடுத்தனர். மனம் மாறி மீண்டும் எடுத்துக்கொள்ளாதிருக்க, எஞ்சிய ஏறத்தாழ 400 தகடுகளையும் அங்கேயே உடைத்தனர். அதன்பின் ஹர்லியிடம் ஒரு சிறு கருவியும் மூன்று படச்சுருள்களுமே இருந்தன.

1916 ஏப்ரலில் குழு எலிஃபண்ட் தீவை அடைந்தது. ஷேக்கில்டன் ஐவருடன் சிறு படகில் உதவி தேடிப் புறப்பட்டார். ஹர்லி உட்பட 22 பேர் கவிழ்த்த படகுகளின் அடியில் நான்கு மாதங்களுக்கு மேல் காத்திருந்தனர். ஆகஸ்டு 30ஆம் நாள் சிலி நாட்டுக் கப்பலான ‘யெல்ச்சோ’ அவர்களை மீட்டது. ‘எண்டூரன்ஸ்’ கப்பலில் சென்ற 28 பேரும் உயிர் பிழைத்தனர், தகடுகளும் பிழைத்தன.

மீட்புக் காட்சி எனப் பின்னாளில் புகழ்பெற்ற ஒரு படம், உண்மையில் ஷேக்கில்டனின் படகைக் கரையில் நின்றோர் கையசைத்து வழியனுப்பிய காட்சியாகும். மூலப் படங்களைத் தேடிச் சேர்த்துப் பாதுகாப்பதன் தேவையை இது உணர்த்துகிறது.

ஹர்லி 1962ஆம் ஆண்டு மறைந்தார். அவர் காத்த படங்கள் லண்டனிலும் சிட்னியிலும் உள்ள காப்பகங்களில் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டு ‘எண்டூரன்ஸ்’ கப்பல் 3,000 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை, அக்கப்பலை உலகம் கண்டது ஹர்லியின் படங்களில்தான்.