எச். ஜி. வெல்ஸ்

எர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் (செப்டம்பர் 21, 1866 – ஆகஸ்ட் 13, 1946) ஓர் ஆங்கில எழுத்தாளர் ஆவார். அறிவியல் புனைகதை முன்னோடிகளுள் ஒருவரான இவர், பொம்மைப் போர்வீரர்களைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டுக்கு எளிய விதிகளை வகுத்தவரும் ஆவார்.

இளமைக்காலம்

வெல்ஸ் இங்கிலாந்தின் புரோம்லியில் ஒரு சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். 1877 இல் தந்தையின் கால் முறிந்ததால் குடும்ப வருவாய் குன்றியது; வெல்ஸ் துணிக்கடையில் தொழில் பழக அனுப்பப்பட்டார். பின்னர் உதவித்தொகை பெற்று, 1884 இல் இலண்டனில் தாமசு அக்சுலியிடம் உயிரியல் பயின்றார். கால இயந்திரம் (1895), உலகங்களின் போர் (1898) ஆகிய புதினங்கள் இவருக்குப் புகழ் ஈட்டித் தந்தன.

சிறு போர்கள்

1812 இல் பிரசிய மன்னருக்காக ரைசுவிட்சு அமைத்த போர் விளையாட்டு மேசை, அரண்மனைக்கே உரிய விலையுயர்ந்த பொருளாக இருந்தது. வெல்ஸின் போர் விளையாட்டோ வீட்டுத் தரையில் ஆடப்பட்டது. தம் இரு மகன்களுடன் ஆடிய விளையாட்டுகளைப் பற்றி 1911 இல் ஒரு நூலும், போர் விளையாட்டின் விதிகளைத் தொகுத்து சிறு போர்கள் என்ற நூலை 1913 இலும் வெளியிட்டார்.

தொடக்கத்தில் தடித்த புத்தகங்களே களத்தின் தடைகளாக அமைந்தன. பின்னர் மரக்கட்டைகளும் பலகைகளும் குன்றுகளாயின. துளையிட்ட பலகையில் நட்ட குச்சிகள் மரங்களாயின. வீடுகள் அட்டையால் செய்யப்பட்டன. ஆறுகள் தரையில் சுண்ணக்கட்டியால் வரையப்பட்டன. சுருள்வில் பொம்மைப் பீரங்கி மரக்குண்டுகளை எறிந்தது. ஒருவர் களத்தை அமைக்க, எப்பக்கம் நின்று போரிடுவது என்பதை மற்றவர் தேர்ந்தெடுப்பார். இதனால் களம் ஒருபக்கச் சார்பின்றி அமைந்தது.

உண்மைப் போர் அறிவற்றது, பொம்மைப் போரே மேலானது என்பது அந்நூலின் முடிவு. மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. செருமனிக்கு எதிரான அப்போரை வெல்ஸ் ஆதரித்து எழுதினார். போர்களுக்கு இனி இடமளிக்காத போராக அது அமையும் என அவர் நம்பினார். இரண்டாம் உலகப் போரையும் கண்ட பின்னரே அவர் இலண்டனில் காலமானார்.

தஞ்சைக் கைவினையுடன் ஒப்பீடு

எளிய பொருட்களால் நிலத்தோற்றம் அமைக்கும் வழக்கம் காவிரிப் படுகையிலும் உண்டு. நவராத்திரிக் கொலுவில் மணலும் களிமண்ணும் குன்றாகின்றன. முளைவிட்ட கடுகு வயலாகிறது. கண்ணாடித் துண்டு குளமாகிறது. நீர்நிலைகளில் வளரும் நெட்டியின் தண்டைச் செதுக்கித் தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் பெரிய கோயிலின் சிற்றுருவைச் செய்கின்றனர். வெல்ஸ் விளக்கிய களத்தை இத்தகைய பொருட்களைக் கொண்டும் அமைக்க இயலும்.