தலைப்புக்கு அப்பால் ராஜா சாண்டோ

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழியெங்கும் வானத்தை நம்பிய நிலம். கண்மாய் நிறைந்த ஆண்டுகளை இவ்வூர்ப் பெரியவர்கள் விரல்விட்டு எண்ணிச் சொல்வர். பருத்தியும் சோளமும் வீடு வந்து சேர்ந்த பிறகு, கோடை தொடங்கும் நாளில், ஊர்ப் பொட்டலில் கீற்றுக் கொட்டகை எழும். ஊர் ஊராகப் பெயர்ந்து செல்லும் டூரிங் டாக்கீசின் வருகையை மாட்டுவண்டி அறிவிக்கும். வண்டியின் இருபுறமும் படத்தட்டி கட்டியிருப்பர். கொட்டுச் சத்தம் கேட்டதும் வண்ண நோட்டீசுகளுக்காகச் சிறுவர்கள் பின்னால் ஓடுவர். அந்த ஓட்டத்தில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கிறேன்.

அவ்வாறு ஓடிப் பிடித்த நோட்டீசு ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் சென்றபோது என் தாயார் அதை வாங்கிக் கிழித்துப் போட்டார். வேற்றுமொழியிலிருந்து தமிழாக்கப்பட்ட ஏதோ ஒரு பழைய படம். அதன் தலைப்பைப் பெண்கள் வாய்விட்டுப் படிக்கத் தயங்குவர். தெருவில் எந்தப் பெண்ணும் அப்படத்துக்குச் செல்லவில்லை. சென்ற ஆண்களோ ஏமாந்து திரும்பினர். பல ஆண்டுகளுக்குப் பின், நான் கல்லூரி ஆசிரியையான பிறகு, அதே படத்தைத் தற்செயலாகப் பார்க்க நேர்ந்தது. குடிகாரக் கணவனிடமிருந்து தன் மக்களைக் காப்பாற்றி ஆளாக்கும் ஒரு தாயின் கதை அது. அதற்குள் என் தாயார் காலமாகிவிட்டார்.

பொய்த் தலைப்பு இரு சாராரை ஏமாற்றுகிறது. அதை நம்பி வந்தவரை ஏமாற்றுவது வெளிப்படை. அதைக் கண்டு அஞ்சி வராமற்போனவர் தாம் இழந்தது இன்னதென்று அறிவதே இல்லை. இவ்வுண்மையை ஒரு மனிதரின் வாழ்க்கை வழியாக எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். திரைப்படக் கலைஞர் ஒருவரைப் பற்றி இலக்கிய மலரில் எழுதுவதேன் என்று சிலர் கேட்கலாம். 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் எம்.ஜி.ஆரை வெற்றிபெறச் செய்து, முதன்முறையாக முதலமைச்சர் ஆக்கியது அருப்புக்கோட்டைத் தொகுதி. திரைப்படம் நமக்கு அயலானதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அம்மனிதர் ராஜா சாண்டோ. தமிழக அரசு திரைத்துறையினருக்கு வழங்கும் விருதுகளுள் ஒன்று அவர் பெயரால் அமைந்தது. விருதின் பெயரை அறிந்தவர் பலர். விருதுக்குப் பெயர் தந்தவரின் வாழ்வை அறிந்தவர் சிலரே.

நம் கரிசற்சீமையைப் போலவே கண்மாய்களை நம்பி வாழும் புதுக்கோட்டைப் பகுதியில் பிறந்தவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் நாகலிங்கம். இளமையில் உடற்பயிற்சியில் தேர்ந்து, கட்டான உடலைப் பெற்றார். அக்காலத்தில் உலகெங்கும் உடல்வலிமைக்கு மறுபெயராக விளங்கியவர் ஜெர்மனியில் பிறந்த யூஜின் சாண்டோ. 1905ஆம் ஆண்டளவில் இந்தியாவுக்கும் வந்து தம் ஆற்றலைக் காட்டிச் சென்றார். அதன்பின் நம் நாட்டில் பலசாலிகள் பலர் சாண்டோ ஆயினர். பிற்காலத்துச் சாண்டோ சின்னப்பா தேவரை நாம் அறிவோம். நாகலிங்கமும் அவ்வாறே ராஜா சாண்டோ ஆனார். யூஜின் சாண்டோ என்பதும் அந்த ஜெர்மானியரின் இயற்பெயரன்று, மேடைக்காக அவர் சூடிக்கொண்ட பெயரே. ஆகவே நம்மவருக்குக் கிடைத்தது ஒரு விளம்பரப் பெயரின் நிழல். தலைப்பு ஒன்றும் உள்ளடக்கம் வேறொன்றுமாக இருக்கும் நிலை அவர் வாழ்வில் தம் பெயரிலேயே தொடங்கிவிட்டது.

1920களின் தொடக்கத்தில் அவர் பம்பாய் சென்றார். எஸ்.என். பதங்கரின் நேஷனல் பிலிம் கம்பெனியில் சண்டைக்காட்சி நடிகராகச் சேர்ந்தார். அது மௌனப் படக் காலம். மொழி தடையாக இல்லாததால் புதுக்கோட்டைத் தமிழர் ஒருவர் பம்பாயில் கதாநாயகராக உயர முடிந்தது. ‘வீர பீம்சேன்’ (1923) போன்ற புராணப் படங்களில் அவர் தோள்வலிமை பயன்பட்டது. பின்னர் கோஹினூர் நிறுவனத்தின் சமூகப் படங்களில் அவர் நடிப்பு மதிக்கப்பட்டது.

அந்தச் சமூகப் படங்களின் தலைப்புகள் ஆராயத்தக்கன. ‘டெலிபோன் கேர்ள்’, ‘டைப்பிஸ்ட் கேர்ள்’ ஆகிய இரண்டும் 1926இல் வெளிவந்தன. பெண்கள் அலுவலகம் செல்வதே வியப்புக்கும் ஏளனத்துக்கும் உரியதாக இருந்த காலத்தில், வேலைக்குப் போகும் பெண்ணைத் தலைப்பில் நிறுத்துவது கூட்டம் சேர்க்கும் வழியாக இருந்தது. ‘டைப்பிஸ்ட் கேர்ள்’ படத்துக்கு, நான் ஏன் கிறித்தவள் ஆனேன் என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பும் உண்டு. சமயப் பூசலை எதிர்பார்த்து வருவோரையும் விட்டுவிடக் கூடாது என்பது விளம்பரதாரரின் கணக்குப் போலும். இவ்விரு படங்களின் நாயகி சுலோச்சனா. ரூபி மையர்ஸ் என்ற இயற்பெயர் கொண்ட அவர், திரைக்கு வருமுன் தொலைபேசி நிலையத்தில் பணியாற்றியவர். தலைப்பு எந்தத் தொழிலைக் கவர்ச்சிப் பொருளாக்கிற்றோ, அந்தத் தொழிலில் உண்மையாகவே உழைத்துப் பிழைத்த ஒரு பெண் திரைக்குள் நின்றாள். தலைப்பு அறியாத செய்தி இது.

1927இல் சந்துலால் ஷா இயக்கிய ‘குணசுந்தரி’ இதனினும் தெளிவான சான்று. கோஹரும் ராஜா சாண்டோவும் அதில் நடித்தனர். இந்தியத் தலைப்பு நற்குணம் வாய்ந்த பெண் என்று பொருள்படும். ஆங்கிலத் தலைப்போ, கணவன்மார் வழிதவறுவது ஏன் என்று கேட்கும். ஒரே படத்துக்கு இரண்டு வாசல்கள். ஒன்றின் வழியே குடும்பத்தினர் வரலாம், மற்றொன்றின் வழியே கிளுகிளுப்பை நாடுவோர் வரலாம். உள்ளே நடப்பது யாது? நாளெல்லாம் வீட்டுவேலையில் உழன்று களைத்த மனைவியை விட்டுக் கணவன் ஆடல்மகளை நாடுகிறான். மனைவி கண்ணீர் வடித்து மூலையில் அமர்ந்துவிடாமல், தானும் வெளியுலகில் அடியெடுத்து வைக்கிறாள். அன்றைய நிலையில் இது துணிவான கதை. ஆங்கிலத் தலைப்பு அத்துணிவை மறைத்து, கணவனின் தவற்றை மட்டும் கடைவிரித்தது.

இத்தகைய தலைப்புகளுக்கு ராஜா சாண்டோவைப் பொறுப்பாக்க இயலாது. அவர் அங்கே நடிகர். ஆனால் 1928இல் ‘சினேக ஜோதி’ மூலம் இயக்குநராகி, பின்னர் சென்னை வந்து ஆர். பத்மநாபனின் அசோசியேட்டட் பிலிம்ஸ் நிறுவனத்துக்காகப் படங்களை இயக்கியபோது, அவருடைய போக்கு இன்னது என்று நாம் கேட்கலாம். 1930இல் வெளிவந்த ‘பேயும் பெண்ணும்’ என்ற பெயரைக் கேட்போர் திகில் கதையையே எதிர்பார்ப்பர். திரைப்பட வரலாற்றாசிரியர்களோ அதனைச் சமூகச் சீர்திருத்தப் படங்களின் வரிசையில் வைத்துப் பேசுகின்றனர். அதற்குத் திரைக்கதை அமைத்தவர், பின்னாளில் ‘பாலயோகினி’, ‘தியாகபூமி’ ஆகிய படங்களை இயக்கிய கே. சுப்ரமணியம். ‘அனாதைப் பெண்’ என்ற தலைப்பில் கவர்ச்சி ஏதும் இல்லை. ஆதரவற்ற பெண்ணைத் தலைப்பிலேயே நிறுத்தித் துணிந்து முன்வைத்த படம் அது. பம்பாயில் கற்ற தலைப்புக் கலையையும் தம் உள்ளத்துச் சீர்திருத்த நோக்கத்தையும் ஒருங்கே கையாள அவர் முயன்றார் எனலாம்.

அவரை அப்பழுக்கற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று. காதலர் நெருக்கத்தையும் முத்தக்காட்சியையும் தயங்காமல் படமாக்கியவர் அவர். அன்றைய தணிக்கை முத்தத்துக்குத் தடை விதிக்கவில்லை. அக்காட்சிகளும் கூட்டத்தைக் கூட்டின என்பதில் ஐயமில்லை. ஆயினும் தம் பட விளம்பரங்களில், நிகழ்கால இந்தியர் வாழும் வாழ்க்கையைக் காண வருமாறு மக்களை அவர் அழைத்தார். தேவரையும் அசுரரையும் மட்டுமே திரையில் கண்டு பழகிய மக்களுக்கு இது புதிய அழைப்பு.

1931இல் ‘காளிதாஸ்’ வெளியானதுடன் தமிழ்த்திரை பேசத் தொடங்கிற்று. பேசிய திரை முதலில் புராணத்தையே பேசிற்று, பாடிற்று. 1935இல் டி.கே.எஸ். சகோதரர்கள் நடிக்க ராஜா சாண்டோ இயக்கிய ‘மேனகா’ வந்தது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைத் திரையில் மக்கள் முதன்முதலாகக் கண்டது இப்படத்தில்தான். மேனகா என்றவுடன் விசுவாமித்திரரின் தவம் கலைத்த வானமகளே நினைவுக்கு வருவாள். படத்தில் வருபவளோ வடுவூர் துரைசாமி ஐயங்காரின் புதினத்து நாயகி. நாத்தனார்களின் சூழ்ச்சியால் விற்கப்பட்டு, மானத்தோடு மீளும் குடும்பப்பெண். இங்கே பொய்த் தலைப்பின் திசை மாறிவிட்டதைக் காண்க. பம்பாயில் குடும்பக் கதைக்குக் கவர்ச்சித் தலைப்பு இட்டனர். இங்கே புராண மணம் கமழும் ஒரு பெயருக்குள் நம் வீட்டு அடுப்படியின் துயரம் இருந்தது.

அடுத்த ஆண்டு வந்த ‘சந்திரகாந்தா’வும் அத்தகையதே. இனிய காதற்கதை போல ஒலிக்கும் இப்பெயருக்குள், துறவுக்கோலத்தில் ஒழுக்கக்கேடு புரியும் மடாதிபதி ஒருவரின் வேடம் கலைகிறது. மூலம் ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் புதினம். புதுக்கோட்டையைச் சேர்ந்த மற்றொரு கலைஞரான பி.யு. சின்னப்பா இதில் நடித்தார். காவியுடைக்குள் நிகழும் தீமையை 1936இல் திரையில் காட்டுவதற்கு, சாண்டோ என்ற பெயர் குறிக்கும் உடல்வலிமையினும் பெரிய வலிமை வேண்டும்.

பின்னர் 1939இல் எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘திருநீலகண்டர்’ அவருக்குப் புகழ் சேர்த்தது. 1942இல் ‘ஆராய்ச்சிமணி’ வந்தது. ‘சிவகவி’யை இயக்கத் தொடங்கிய அவர், கருத்து வேறுபாட்டால் இடையில் விலக நேர்ந்தது. பட்சிராஜா நிறுவனத்தின் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு அதனை இயக்கி முடித்தார். அப்படம் வெளிவந்த 1943ஆம் ஆண்டிலேயே, நவம்பர் 25ஆம் நாள், கோயம்புத்தூரில் மாரடைப்பால் ராஜா சாண்டோ காலமானார்.

அவர் இடையில் விட்டு விலகிய ‘சிவகவி’ இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அவர் முழுதாய் உழைத்து முடித்த ‘மேனகா’ கிடைக்கவில்லை. ‘பேயும் பெண்ணும்’ இல்லை, ‘அனாதைப் பெண்’ இல்லை. இந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப் படங்கள் ஏறத்தாழ 1,300. அவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் படச்சுருள்கள் எரிந்தும் மக்கியும் அழிந்தன. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் 1964இல் தோன்றியபோது காலம் கடந்துவிட்டது. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பாடல்கள் பனையோலையில் படியெடுக்கப்பட்டு உ.வே.சா.வின் கைக்கு வந்து சேர்ந்தன. ஐம்பது ஆண்டுகூட ஆகாத படச்சுருள் நம் கைக்கு வரவில்லை.

சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. அவர் பாடிய உவமையைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்றும் குப்பைக்கோழியார் என்றும் அழைக்கிறோம். அங்கே பெயர் போயிற்று, பாடல் நின்றது. ராஜா சாண்டோவின் வாழ்வில் இது தலைகீழாயிற்று. படைப்பு போயிற்று, தலைப்பு மட்டும் நின்றது. அத்தலைப்புகளோ பாதி உண்மையும் பேசாதவை. அவற்றை மட்டும் படித்து, கீழ்த்தரப் படங்கள் என ஒதுக்குவோமாயின், என் தாயார் செய்த பிழையையே நாமும் செய்வோம். நோட்டீசில் கண்டதை வைத்து முடிவு செய்த அவருக்கு வேறு வழியில்லை. ஆய்வு செய்யத் தெரிந்த நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

படங்கள் மறைந்தாலும் அவற்றைச் சூழ்ந்த தாள்கள் எங்கேனும் இருக்கக்கூடும். 1930களில் கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் கதைச்சுருக்கமும் நடிகர் பட்டியலும் அச்சாகியிருக்கும். அத்தகைய புத்தகம், நோட்டீசு, பழைய இதழ் ஆகியவை நம் நெசவாளர் தெருக்களின் பரண்களிலும், திருச்சுழிச் சிற்றூர்களின் தகரப் பெட்டிகளிலும் இருக்க வாய்ப்புண்டு. பத்தாண்டுகளாக நூல்களைக் கூடிப் படித்துவரும் நம் வட்டம், பதினோராம் ஆண்டில் இத்தாள்களைத் தேடத் தொடங்கலாம். கிடைப்பது ஒற்றைத் தாளாயினும் அதைக் கிழித்துவிடாமல் படித்துப் பார்ப்போம். தலைப்பு கூசச் செய்வதாக இருந்தால், இன்னும் கவனமாகப் படிப்போம்.