சர் ஃபேபியன் வேர்

1942-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதி, விடியுமுன்பே ஜப்பானிய டாங்கிகள் திரோலாக் வழியாக நமது சிலிம் ரிவருக்குள் புகுந்தன. சில மணி நேரத்துக்குள் ஆற்றுப் பாலமும் அவர்கள் கைக்குப் போயிற்று. அன்று மடிந்தவர்களில் பஞ்சாப், ஹைதராபாத் பட்டாளத்துச் சிப்பாய்களும் உண்டு. அப்படி மலாயாவில் ஆங்காங்கே புதைக்கப்பட்டுக் கிடந்தவர்களை, யுத்தம் ஓய்ந்தபின் திரட்டி அடக்கிய இடங்களில் ஒன்று தைப்பிங் யுத்த மயானம். இத்தகைய மயானங்களுக்கு வழி வகுத்த மனிதரின் சரிதையையே இங்கு எழுதுகிறோம்.

ஃபேபியன் வேர் 1869-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். பள்ளி ஆசிரியராயிருந்து, தென்னாப்பிரிக்காவில் கல்வி இலாகாவை நடத்தி, பின் லண்டனில் பத்திரிகை ஆசிரியராகவும் இருந்தார். 1914-இல் யுத்தம் மூண்டபோது வயது 45. பட்டாளத்தில் சேர வயது கடந்துவிட்டது. செஞ்சிலுவைச் சங்கத்து வாகனப் படையொன்றின் தலைவராக பிரான்சுக்குப் போனார்.

அங்கே மரக்குறிகள் மட்டும் நட்ட கபுறுகளைக் கண்டார். இரண்டு மழைக்குப் பின் எது யாருடையதென்று சொல்ல ஆளிருக்காது. கணக்கில் ஏறாத சரக்கு காணாமற்போகும் என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரியும். வேர் கணக்கு எழுதத் தொடங்கினார். 1915 அக்டோபருக்குள் 31,000 கபுறுகள் பதிவாயின. நிலத்துக்கும் உறுதி வேண்டுமல்லவா? அவர் முயற்சியால், அந்த நிலங்களை என்றென்றைக்குமாக ஒதுக்கித் தரும் சட்டத்தை அதே ஆண்டு டிசம்பரில் பிரான்ஸ் நிறைவேற்றியது.

1917 மே மாதம் அரச சாசனத்தின்படி யுத்தக் கபுறுகளுக்கான கமிஷன் அமைந்தது. தளபதியாயினும் சிப்பாயாயினும் ஒரே அளவுக் கல்; உயரம் 2 அடி 8 அங்குலம். செல்வர் வீட்டுப் பிள்ளையாயினும் உடலை ஊருக்கு எடுத்துப் போகக் கூடாது. பெற்றோர் பலர் கொதித்தெழுந்தனர்; 1920-இல் பார்லிமெண்டில் பெரிய விவாதமே நடந்தது. வேர் அசையவில்லை. ஜனாஸாத் தொழுகையில் தோளோடு தோள் நிற்கும் நமக்கு இந்த ஏற்பாடு புதிதாய்த் தோன்றாது.

ஆயினும் ஒரு குறையை மறைக்க நாம் விரும்பவில்லை. ஐரோப்பாவில் காத்த சமத்துவத்தை அவரது கமிஷன் எங்கும் காக்கவில்லை. ஈராக்கில், பஸ்ரா நினைவுச் சின்னத்தில், இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள். சாதாரணச் சிப்பாய்களோ வெறும் எண்ணிக்கையானார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்கராகக் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் கிட்டவில்லை, நினைவுச் சின்னமேகூடக் கிட்டாமல் போயிருக்கலாம் என்று 2021-இல் கமிஷனே அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கோரியது. நூறாண்டு கழித்து வந்த பாக்கி!

வேர் 1949 ஏப்ரலில் காலமானார். ஆம்பர்லி என்னும் கிராமத்துத் தேவாலயத்தில் அவர் கபுறுக்கும் அதே மாதிரிக் கல்தான்.

தைப்பிங்கில் உள்ள 850-க்கு மேற்பட்டவர்களில் 500-க்கு அதிகமானோர் யாரென்று அறியப்படாதவர்கள். உடல் கிடைக்காதவர்களின் பெயர்களைச் சிங்கப்பூர் கிராஞ்சியில் பொறித்திருக்கிறார்கள். அங்கே இந்தியச் சிப்பாய்களும் பெயரோடு இருக்கிறார்கள். சரக்கெடுக்கத் தைப்பிங் போகும் அன்பர்கள், ஏரித் தோட்டத்தைத் தாண்டி லாருட் மலைக்குப் போகும் சாலையில் சற்று நில்லுங்கள். சாலையின் ஒரு புறம் கிறிஸ்தவர்கள். மறு புறத்தில்தான் முஸ்லிம்கள், இந்துக்கள், கூர்க்காக்கள். அங்கே ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு வாருங்கள்.