குழந்தைகளின் மூளையைக் காக்கும் பிசிஜி தடுப்பூசி: யார் இந்த ஆல்பர்ட் கால்மெட்?

காரைக்கால் மாவட்டம் நெடுங்காட்டில் குழந்தை பிறந்தாலும் சரி, சென்னையில் பிறந்தாலும் சரி, பிறந்தவுடன் இடது கையின் மேல்பகுதியில் போடப்படும் ஊசி பிசிஜி. காசநோய் வராம இருக்கப் போடும் ஊசி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனா, அது எந்தக் காசநோயைத் தடுக்கிறது, எதைத் தடுக்காது? இதைப் புரிந்துகொள்ள, அந்தப் பெயரின் நடுவில் இருக்கும் 'சி'-க்குச் சொந்தக்காரரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்தான் ஆல்பர்ட் கால்மெட்.

சைகோனில் தொடங்கிய பயணம்

1863-ல் பிரான்ஸின் நீஸ் நகரில் பிறந்தவர் கால்மெட். கடற்படை மருத்துவர். நெடுங்காடு உள்ளிட்ட காரைக்கால் பகுதி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இங்கிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பலர் பிழைப்புக்காகப் போன ஊர், வியட்நாமின் சைகோன். அதே சைகோனில்தான் 1891-ல் பாஸ்டர் ஆய்வகத்தைத் தொடங்கினார் கால்மெட். நல்ல பாம்பு விஷத்தை ஆராய்ந்து, விஷமுறிவு மருந்து உருவாக வழிவகுத்த முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

13 வருஷம், 230 முறை

1895-ல் பிரான்ஸின் லீல் நகருக்கு வந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் காசநோய் பரவிக்கிடந்த ஊர் அது. கால்நடை மருத்துவர் கமில் கெரானுடன் சேர்ந்து, 1908-ல் மாட்டுக் காசநோய்க் கிருமியை வளர்க்க ஆரம்பித்தார். உருளைக்கிழங்கு, கிளிசரின், மாட்டுப் பித்தநீர், இவைதான் கிருமிக்குச் சாப்பாடு. சுமார் 3 வாரத்துக்கு ஒருமுறை புதிய கலவைக்கு மாற்றினார்கள். முதல் உலகப்போரில் லீல் நகரை ஜெர்மானியர்கள் பிடித்தபோதும் வேலை நிற்கவில்லை. 13 வருஷத்தில் 230 முறை மாற்றிய பிறகு, அந்தக் கிருமி நோய் உண்டாக்கும் வீரியத்தை இழந்தது.

1921-ல் பாரிஸில் ஒரு பச்சிளங்குழந்தைக்கு இந்த மருந்து வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது. அதன் தாய் காசநோயால் இறந்தவர். குழந்தை நலமாக வளர்ந்தது.

உலுக்கிய லூபெக் சோகம்

1930-ல் ஜெர்மனியின் லூபெக் நகரில், மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளில் 70-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். பழி கால்மெட் மீது விழுந்தது. விசாரணையில், அந்த ஊர் ஆய்வகத்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி மருந்தில் கலந்துவிட்டது தெரியவந்தது. பிசிஜி மீது தவறில்லை என்று உறுதியானது. ஆனா அந்த அதிர்ச்சி கால்மெட்டை விடவில்லை. 1933 அக்டோபரில் அவர் காலமானார்.

இந்தியாவில் 1948-ல் சென்னை கிண்டியில் பிசிஜி ஆய்வகம் தொடங்கப்பட்டது. 1955-ல் ராஜாஜி இந்தத் தடுப்பூசியை வெளிப்படையாக எதிர்த்தார். 1968-ல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று காட்டியது.

அப்போ எதுக்கு இந்த ஊசி?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்குக் கிருமி ரத்தம் வழியாக மூளையின் உறைக்குப் போய்விடலாம். இந்த மூளைக் காசநோய் அரிதாகத்தான் வரும். வந்தால் உயிருக்கே ஆபத்து. பிழைத்தாலும் பார்வை, கேட்கும் திறன், கைகால் அசைவு பாதிக்கப்படலாம். இதிலிருந்து குழந்தைகளுக்கு 70 சதவீதத்துக்கும் மேல் பாதுகாப்பு தருகிறது பிசிஜி.

அதாவது, கையில் தழும்பு இருந்தால் ஆபத்து குறைவு. ஆபத்தே இல்லை என்று அர்த்தம் கிடையாது.

என்ன அறிகுறி? என்ன சிகிச்சை?

ஒரு வாரத்தைத் தாண்டியும் விடாத காய்ச்சல், தலைவலி, அடிக்கடி வாந்தி, விளையாடாமல் சோர்ந்து கிடப்பது, எடை குறைவது ஆகியவை ஆரம்ப அறிகுறிகள். கழுத்து விறைப்பு, வலிப்பு, திடீர் மாறுகண், மயக்கம் வந்தால் நோய் முற்றுகிறது என்று பொருள்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பதுதான் முக்கியப் பரிசோதனை. கைகால் விளங்காமல் போய்விடுமோ என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி போடுவதால் அந்தப் பயம் தேவையில்லை. அந்த நீரில் சர்க்கரை குறைந்து, புரதமும் வெள்ளணுக்களும் கூடியிருந்தால் சந்தேகம் வலுக்கும். கிருமி அதில் சிக்காமலும் போகலாம். அதனால் முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குவார்கள். தலை ஸ்கேனும் எடுப்பார்கள். மூளையில் நீர் தேங்கியிருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

கால்மெட் காலத்தில் இதற்கு மருந்தே கிடையாது. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வரும் வரை, இந்த நோய் வந்த குழந்தை பிழைப்பது அபூர்வம். இன்று பல மருந்துகள் சேர்த்து, வழக்கமாக 12 மாதம் தரப்படுகின்றன. ஆரம்பத்தில் மூளை வீக்கம் குறைய ஸ்டீராய்டும் உண்டு. அரசு மருத்துவமனைகளில் காசநோய் மருந்துகள் இலவசம். காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தால், 5 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை உடனே பரிசோதிக்க வேண்டும். நோய் இல்லை என்று தெரிந்தால், வராமல் தடுக்கும் மாத்திரையும் கொடுப்பார்கள். தழும்பு இருக்கிறதே என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம்.