யாழைத் தேடிய அடிகளார்

கிழக்கிலங்கை தந்த முத்தமிழ் வித்தகர் சுவாமி விபுலாநந்த அடிகளாரை அறியாதார் எழுவான்கரையிலும் இல்லை, படுவான்கரையிலும் இல்லை. துறவியாகவும் கல்விமானாகவும் அன்னாரை நாம் போற்றி வருகின்றோம். ஆயினும் அன்னார் ஒரு வேலையைக் கையில் எடுத்தால் அதனுள் எவ்வளவு ஆழ்ந்துபோவார் என்பதே இம்மலரின் இளம் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியது என்று எண்ணுகின்றேன்.

நமது குருக்கள்மடத்துக்குத் தெற்கே, கல்முனைக்கு அப்பாலுள்ள காரைதீவில் 1892 மார்ச் 27இல் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு மகனாகப் பிறந்தவர் மயில்வாகனன். கல்முனையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். பிற்காலத்தில் தமிழால் புகழ்பெற்ற இவர் தொழிலால் விஞ்ஞான ஆசிரியர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையில் தேறினார். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபரானார். அக்காலத்தில் அதற்குமேல் ஒருவருக்கு என்ன வேண்டும்? அதை விட்டு 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். குருவின் பெயரால் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவி அன்னாரைத் தேடி வந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றிய பகுதி எவருக்கும் தெளிவாக விளங்காத ஒன்றாக இருந்தது. யாழோ வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. கையில் எடுத்துப் பார்க்க ஒரு யாழ் கிடையாது, மீட்டிக் காட்ட ஒருவரும் கிடையாது. எஞ்சியிருந்தவை செய்யுளும், உரையாசிரியர் குறிப்பும், பழைய சிற்பங்களும், ஓதுவார்கள் வழிவழியாகக் காத்த தேவாரப் பண்களுமே.

இங்கேதான் பழைய விஞ்ஞான ஆசிரியர் விழித்துக்கொண்டார். ஒரு நரம்பைப் பாதியாகக் குறுக்கி மீட்டினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் அதனோடு நன்கு இயைந்த வேறொரு சுரம் எழும். இவ்வாறான கணக்குகளைக் கொண்டு ஏழு இசைகளையும், அவை அடங்கும் 22 அலகுகளையும், ஒரு பாலையிலிருந்து இன்னொரு பாலை பிறக்கும் முறையையும் படிப்படியாக நிறுவினார். வில்யாழ் முதல் 7 நரம்புச் செங்கோட்டியாழ், 21 நரம்புப் பேரியாழ் வரை ஒவ்வொன்றின் வடிவையும் ஆராய்ந்தார். பக்தி மிகுதியால் ஊகித்துச் சொல்லிவிடலாம். யார் மறுக்கப் போகின்றார்? அளந்து பார்க்காமல் எழுத அன்னாருக்கு மனம் வரவில்லை.

இவ்வேலை ஏறத்தாழ 14 ஆண்டுகள் நீண்டது. அதற்கென ஓய்வும் சம்பளமும் தந்து எவரும் அன்னாரை இருத்தி வைக்கவில்லை. 1933இல் பல்கலைக்கழகத்தை விட்டு ஊர் திரும்பியதும் மிஷன் பாடசாலைகளின் பொறுப்பு காத்திருந்தது. 1939 முதல் 1941 வரை இமயமலையிலுள்ள மாயாவதியில் ‘பிரபுத்த பாரத’ ஆங்கில சஞ்சிகையின் ஆசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். கந்தோர்களில் நெடுங்காலம் கழித்த எனக்கு இது வியப்பாகவே இருக்கின்றது. மேசை மாறினால் பழைய கோப்பை அடுத்தவரிடம் தள்ளிவிடுவதே நாம் கண்ட வழக்கம். அடிகளாரோ எத்தனை இடம் மாறியும் யாழை எவரிடமும் தள்ளிவிடவில்லை.

நமது வாவியையும் மறக்கவில்லை. கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் கேட்கும் பாடும் மீனின் ஓசையை நீரர மகளிரின் இசையாகக் கற்பனை செய்து பாடிய பாடலை அந்த நூலிலேயே சேர்த்தார். கணக்கும் அட்டவணையும் நிறைந்த நூலில் அது ஏன் என்று கேட்போர் உண்டு. அந்நூல் எந்த மண்ணில் பிறந்தவருடையது என்பது அப்பாடலால்தான் தெரிகின்றது என்பது என் கருத்து.

யாழ் நூல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக, தமிழ்நாட்டிலுள்ள திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், 1947 ஜூன் 20இல் அரங்கேறியது. அன்னாரது ஆய்வின்படி செய்த யாழை மீட்டிக் காட்டினார்கள். ஏட்டில் மட்டும் இருந்த கருவியின் நாதத்தைச் சபையோர் காதால் கேட்டனர். அடிகளார் அப்போதே உடல்நலம் மிகவும் குன்றியிருந்தார். கொழும்பு திரும்பி, அதே ஆண்டு ஜூலை 19இல், அதாவது 29ஆம் நாள், தமது 55ஆவது வயதில் சமாதியடைந்தார்.

அன்னாரது பூதவுடல் கல்லடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டது. இங்கிருந்து மட்டக்களப்பு நகருக்குச் செல்வோர் பாலத்தைக் கடக்குமுன் இறங்கினால் அவ்விடத்தைத் தரிசிக்கலாம்.