தம்மையே அளந்த அறிஞர்
ஆர்ச்சிபால்ட் விவியன் ஹில் 1886ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். கணிதம் பயின்ற அவர், உடலியங்கியல் ஆய்வில் ஈடுபட்டு 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மான்செஸ்டரில், முதுகில் பையொன்றைச் சுமந்து ஓடி, தாம் வெளிவிட்ட மூச்சுக்காற்றை அதில் சேகரித்து ஆராய்ந்தார். வேகம் கூடக் கூட உடல் ஏற்கும் உயிர்வளியும் கூடும்; ஆயினும், ஓர் எல்லைக்குமேல் உயராது எனக் கண்டார். அவருக்கு அவ்வெல்லை நிமிடத்திற்கு ஏறத்தாழ 4 லிட்டர். எனவே, வேகத்தை மட்டும் கொண்டு உயிர்வளியைக் கணிக்கும் சூத்திரம் அவ்வெல்லைக்கு அப்பால் மிகைக்கணக்கே காட்டும்.

சமதரையில் வெறுங்கையோடு நடப்பதற்கான சூத்திரமோ, நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்வாளி சுமந்து மேடேறும் தொழிலாளர்களின் உழைப்பைக் குறைத்தே மதிப்பிடும். கணக்கை உடலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வழிகாட்டிய ஹில், 1977ஆம் ஆண்டு மறைந்தார்.